உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போறீங்களா? 'ஐஸ் ஆகர்' வாங்கும் முன் இதைப் படிங்க!

கனடாவின் டொரன்டோவிலிருந்து வடக்கே காரில் கிளம்பினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சிம்கோ ஏரி வந்துவிடும். ஏறக்குறைய 720 சதுர கிலோமீட்டர் பரப்பு. கோடையில் படகு ஓடும் அதே தண்ணீரின் மேல், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆட்கள் நடக்கிறார்கள். ஸ்னோமொபைல் ஓட்டுகிறார்கள். சின்னச் சின்னக் குடில் போட்டு, உள்ளே உட்கார்ந்து தூண்டில் இறக்குகிறார்கள். தமிழர்கள் நிறைய பேர் வசிக்கும் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளிலிருந்து ஒரே நாளில் போய்விட்டுத் திரும்பக்கூடிய தூரம்தான்.

'ஒரு தடவை போய்ப் பார்ப்போமே' என்று முடிவெடுத்ததும் வரும் முதல் கேள்வி, ஐஸில் ஓட்டையை எதை வைத்துப் போடுவது என்பதுதான். அதற்கான கருவியின் பெயர் 'ஐஸ் ஆகர்'. கடைக்குப் போனால் கையால் சுற்றுவது, பேட்டரியில் ஓடுவது, பெட்ரோலில் ஓடுவது, 6 இன்ச், 8 இன்ச், 10 இன்ச் என்று வரிசையாக நிற்கும். 'வாங்குறதுதான் வாங்குறோம், பெருசா பவரா வாங்கிடுவோம்' என்றுதான் பலருக்கும் தோன்றும்.

ஆனா, இந்தக் கருவிக்கு மீன்பிடிப்பதற்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு. நீங்கள் நிற்கும் ஐஸ் உங்களைத் தாங்குமா என்று சொல்ல வேண்டியதும் இதுதான். எதை வாங்குவது என்று முடிவெடுக்கும்போது பலர் மறந்துவிடுவது அந்த வேலையைத்தான்.

ஆகர் எப்படி இருக்கும்?

நம்ம ஊரில் தென்னங்கன்று நடக் குழி எடுக்கும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். திருகாணி மாதிரி சுருண்டு சுருண்டு இறங்கும் இரும்பு, மேலே கைப்பிடி. ஐஸ் ஆகரும் கிட்டத்தட்ட அதே உருவம்தான். அடியில் இருக்கும் பிளேடு ஐஸைச் சீவும். சுருளாக இருக்கும் தகடு அந்தத் தூளை மேலே ஏற்றி வெளியே தள்ளும். உள்ளே சிக்கி மிதக்கும் ஐஸ் தூளை ஒரு துளைக்கரண்டியால் அள்ளிக் கொட்டிவிட்டால் தூண்டில் இறக்கத் துளை ரெடி. அந்தக் கரண்டி, நம் வீட்டில் வடை அரிக்கும் ஜல்லிக்கரண்டியின் அண்ணன் மாதிரி இருக்கும்.

ஏரியே உறைந்த பிறகு மீன் எப்படி உயிரோடு இருக்கும் என்று கேட்கலாம். தண்ணீரின் அடர்த்தி அதிகமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸ் அளவில். அதைவிடக் குளிர்ந்தால் தண்ணீர் லேசாகி மேலே வந்துவிடும். அதனால் ஏரி மேலிருந்துதான் உறையும். அடியில் 4 டிகிரி வாக்கில் தண்ணீர் அப்படியே இருக்கும். குளிரில் மீன்களின் உடல் மெதுவாக இயங்கும், இரையும் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் எடுக்கும். ஐஸ் ஃபிஷிங் அதை நம்பித்தான் நடக்கிறது.

முதல் துளை மீனுக்கு அல்ல!

ஒருவர் நடந்து போகக் குறைந்தது 4 இன்ச் நல்ல ஐஸ் வேண்டும் என்கிறது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில இயற்கை வளத்துறை. ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 இன்ச். சிறிய காருக்கு 9 முதல் 10 இன்ச். கனடா செஞ்சிலுவைச் சங்கம் இன்னும் கறார். தனியாக நடக்கவே 15 செ.மீ., ஸ்னோமொபைலுக்கு 25 செ.மீ. என்கிறது.

'நல்ல ஐஸ்' என்று சொல்வது கண்ணாடி போலத் தெளிவாகவோ, நீலம் பாய்ந்தோ இருக்கும் புது ஐஸை. பனித்தூள் நனைந்து உறைந்த வெள்ளை ஐஸுக்கு ஏறக்குறைய பாதி பலம்தான். அதனால் அங்கே கனம் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 4 இன்ச் போதும் என்ற இடத்தில் 8 இன்ச்.

சரி, கரையில் ஒரு இடத்தில் 6 இன்ச் இருந்தால் ஏரி முழுக்க 6 இன்ச் இருக்குமா? இருக்காது. ஓடை வந்து கலக்கும் இடம், பாலத்துக்கு அடி, அடியில் ஊற்று இருக்கும் இடம், வெடிப்பு விழுந்த கோடு, இங்கெல்லாம் ஐஸ் மெலிந்திருக்கும். மேலே படிந்த பனி ஒரு கம்பளி மாதிரி. குளிரை உள்ளே விடாது. அதனால் பனி மூடிய இடத்தில் ஐஸ் மெதுவாகத்தான் கனக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும்.

அதனால்தான் போகிற வழியில் 150 அடிக்கு ஒருமுறையாவது அளந்து பார்க்கச் சொல்கிறது அதே மின்னசோட்டா துறை. கரையிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே போனால் பத்துக்கும் மேற்பட்ட துளைகள். ஒவ்வொன்றிலும் அளவுகோலை இறக்கி, ஐஸின் அடி விளிம்பில் கொக்கி போட்டு அளக்க வேண்டும். அதன் பிறகுதான் மீன்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. 15 கிலோ மெஷினை இழுத்துக்கொண்டு போய், 150 அடிக்கு ஒருமுறை இறக்கி, ஸ்டார்ட் செய்து, துளை போட்டு, மறுபடி ஏற்றுவீர்களா? முதல் இரண்டு துளை போடுவீர்கள். மூன்றாவதில் 'அதான் நல்லாத்தானே இருக்கு' என்று நடக்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஆபத்து வருவது அந்த இடத்தில்தான். மோட்டார் பலத்தைவிட, பத்தாவது தடவையும் சலிக்காமல் கையில் எடுக்க முடிகிறதா என்பதுதான் ஆகர் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம்.

எத்தனை இன்ச் விட்டம்?

6 இன்ச்சுக்கும் 8 இன்ச்சுக்கும் என்ன பெரிய வித்தியாசம், 2 இன்ச்தானே என்று தோன்றும். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு அடி கனமுள்ள ஐஸில் 6 இன்ச் துளை போட்டால் சுமார் 5 கிலோ ஐஸை வெட்டி எடுக்கிறீர்கள். 8 இன்ச் துளை என்றால் சுமார் 9 கிலோ. 10 இன்ச் என்றால் 14 கிலோ! விட்டம் கொஞ்சம் கூடினாலும் பரப்பு வேகமாகக் கூடுகிறது. வேலையும் அதே கணக்கில் கூடும். கையோ பேட்டரியோ, சீக்கிரம் களைத்துப்போகும்.

அப்போ எது வேணும் என்பதை மீன்தான் முடிவு செய்யும்.

6 இன்ச்: கையளவு மீன்களுக்குத் தாராளம். சிம்கோ ஏரியின் தெற்கே ஆழம் குறைந்த குக்ஸ் பே பகுதி, மஞ்சள் பெர்ச் மீனுக்குப் பேர்போனது. அதற்கு இந்த அளவு போதும்.

8 இன்ச்: ஒயிட்ஃபிஷ், லேக் டிரவுட், வாலை போன்ற பெரிய மீன்களுக்கு. மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் சோனார் கருவியின் ஒயரையும் தூண்டில் நரம்பையும் ஒரே துளையில் சிக்காமல் இறக்கலாம். எல்லா மீனுக்கும் ஒரே ஆகர் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எடுப்பது இதைத்தான்.

10 இன்ச்: பெரிய பைக் மீன், பெரிய லேக் டிரவுட் என்று குறிவைத்துப் போகிறவர்களுக்கு. முதல் தடவை போகும் யாருக்கும் இது தேவைப்படாது.

பெரிய துளையில் இன்னொரு சிக்கலும் இருக்கு. நீங்கள் கிளம்பிய பிறகு அதன் மேல் மெல்லிய ஐஸும் பனியும் மூடும். பின்னால் வருபவரின் கால் அதில் இறங்கலாம். மின்னசோட்டாவில் தூண்டில் துளையின் விட்டம் 12 இன்ச்சைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எங்கே போட்டாலும், கிளம்பும்போது ஒரு குச்சியோ மரக்கிளையோ நட்டு அடையாளம் வைத்துவிட்டு வருவது நல்ல பழக்கம்.

கையா, பேட்டரியா, பெட்ரோலா?

கை ஆகர்: எடை சுமார் 3 கிலோ. எரிபொருள் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், சத்தம் இல்லை, விலையும் குறைவு. மைனஸ் 25 டிகிரியிலும் 'ஸ்டார்ட் ஆகலை' என்ற பேச்சே கிடையாது. கூர்மையான பிளேடு இருந்தால் 4, 5 இன்ச் ஐஸில் ஒரு நிமிடத்துக்குள் துளை விழும். சுவீடனின் மோரா ஊர்ப் பெயரைத் தாங்கிய கை ஆகர்கள் வட அமெரிக்காவிலும் பிரபலம். பக்கத்து நாடான பின்லாந்தில் சாதாரணத் தூண்டில் ஐஸ் ஃபிஷிங்குக்கு லைசென்ஸே தேவையில்லை. சின்ன விட்டமுள்ள கை ஆகரும் ஒரு ஸ்டூலும் இருந்தால் பாட்டி, தாத்தாக்கள்கூடக் கிளம்பிவிடுவார்கள். குறை என்னவென்றால், ஐஸ் ஒரு அடியைத் தாண்டிவிட்டால் மூன்றாவது துளையிலேயே தோள்பட்டை பேச ஆரம்பிக்கும்.

ட்ரில் மெஷினில் மாட்டும் ஆகர்: வீட்டில் இருக்கும் கார்ட்லெஸ் ட்ரில்லில் லேசான ஆகரைப் பொருத்துவது. கடந்த சில வருஷங்களில் நன்றாகப் பரவியிருக்கிறது. ட்ரில்லோடு சேர்த்தாலே பெரும்பாலும் 5, 6 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆனா, சுவரில் ஆணி அடிக்கத் துளை போடும் சாதாரண ட்ரில் இதுக்குச் சரிப்படாது. பிரஷ்லெஸ் மோட்டார், நல்ல டார்க் உள்ள 18 வோல்ட் ரகம் வேண்டும். பக்கவாட்டுக் கைப்பிடி கட்டாயம். பிளேடு ஐஸில் சிக்கினால் ஆகர் நின்றுவிடும், ட்ரில் சுற்றப் பார்க்கும். ஒற்றைக் கையில் பிடித்திருந்தால் மணிக்கட்டு போச்சு. மேலே அகலமான வட்டத்தட்டு ஒன்றும் மாட்டிக்கொள்ளுங்கள். ட்ரில்லின் பிடி தளர்ந்து ஆகர் நழுவினாலும் அந்தத் தட்டு துளையின் வாயில் தடுத்து நிறுத்தும். தட்டு இல்லாததால் ஏரிக்கு அடியில் போய்ச் சேர்ந்த ஆகர்கள் ஏராளம்.

தனி பேட்டரி ஆகர்: 40 வோல்ட் அளவிலான லித்தியம் பேட்டரியோடு மொத்தமாகவே வருவது. 8 இன்ச் ரகம் சுமார் 10 கிலோ. பட்டனை அழுத்தினால் ஓடும், புகை இல்லை, குடிலுக்குள்ளேயும் பயன்படுத்தலாம். பின்பக்கமாகச் சுற்றும் வசதி இருந்தால் துளையில் மிதக்கும் தூளை அடியில் தள்ளிவிடலாம். குளிரில் பேட்டரியின் திறன் குறையும் என்பதை மறக்காதீர்கள். வேலை இல்லாத நேரத்தில் பேட்டரியைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்து கிடக்கும் லித்தியம் பேட்டரியை வீட்டுக்கு வந்ததும் அப்படியே சார்ஜில் போடக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும்.

பெட்ரோல், புரொபேன் ஆகர்: 2 அடி, 3 அடி ஐஸில் நாள் முழுக்க நூறு துளை போடுகிறவர்களுக்கானது. வாடகைக்குக் குடில் விடும் தொழில்காரர்கள் இதைத்தான் அதிகம் நம்பினார்கள். எடை 12 முதல் 15 கிலோ வரை போகும். 2 ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 4 ஸ்ட்ரோக்கில் அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் மூடிய குடிலுக்குள்ளோ, கூடாரத்துக்குள்ளோ ஓட்டவே கூடாது. எஞ்சின் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ஆனால் ஆளைக் கொல்லும். புரொபேன் புகை குறைவாகத் தெரிவதால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தப்பு.

சீவும் பிளேடா, கொத்தும் பிளேடா?

மோட்டாரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் பிளேடைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் மழுங்கிய பிளேடு இருந்தால் எந்த மோட்டாரும் வேஸ்ட்தான்.

சவரக்கத்தி போல நேரான விளிம்புள்ளது முதல் ரகம். இளநீர் சீவுவது மாதிரி ஐஸை மெல்லிசாகச் சீவும். வேகம், துளையும் வழவழப்பு. ஆனால் மணல், மண், கல் பட்டால் உடனே மழுங்கும். ஏற்கெனவே போட்டு மறுபடி உறைந்த பழைய துளையில் விட்டால் சிக்கிக்கொண்டு குதிக்கும்.

ரம்பம் போலப் பல் வைத்தது இரண்டாவது ரகம். இது சீவாது, கொத்தும். கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கும், அதிர்வும் அதிகம். ஆனால் அழுக்கு ஐஸையும் பழைய துளையையும் சமாளிக்கும். ஒரே குடிலுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கு இது சரி. கை ஆகர் வாங்குகிறவர்களுக்குச் சீவும் ரகம்தான்.

மழுங்கினால் வீட்டில் சாணைக்கல்லில் தேய்த்துப் பார்க்காதீர்கள். பிளேடின் கோணம் நூலிழை மாறினாலும் ஆகர் ஐஸைக் கடிக்காமல் வழுக்கும். புது பிளேடு மாற்றிவிடுவதுதான் மலிவு. அதனால் வாங்கும்போதே அந்த மாடலுக்கு மாற்று பிளேடு சுலபமாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு...

• துளை போடும்போது ஆகரை அழுத்தாதீர்கள். நேராக நிறுத்தி, சுற்றினால் போதும். பிளேடு தானாக இறங்கும்.

• ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் பிளேடில் தண்ணீர் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதை உதிர்க்க ஆகரை ஐஸில் ஓங்கி அடிப்பது பலரின் பழக்கம். பிளேடு போவது அதில்தான். பழைய துளையின் தண்ணீரில் இரண்டு சுற்று விட்டால் கரைந்துவிடும்.

• நடக்கும்போதும் காரில் வைக்கும்போதும் பிளேடு உறை கட்டாயம். வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றி, துடைத்து, காயவைத்த பிறகே மூடி வையுங்கள். ஈரத்தோடு மூடினால் மறுவாரம் துருதான் இருக்கும்.

• ஐஸ் ஒரு மீட்டர் வரை கனக்கும் வடக்கு ஏரிகளுக்குப் போவதாக இருந்தால் ஆகரின் நீளத்தைக் கவனியுங்கள். ஒரு அடி நீட்டிப்புக் கம்பி தனியாகக் கிடைக்கும். சிம்கோ மாதிரி தெற்கு ஏரிகளில் பெரும்பாலும் தேவைப்படாது.

அப்போ எதைத்தான் வாங்குவது?

வாழ்க்கையில் முதல் தடவை போகிறீர்களா? எதையும் வாங்காதீர்கள். சிம்கோ கரையில் துளை போட்டு, ஹீட்டர் வைத்த குடிலை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களே உள்ளே கூட்டிப்போய் விடுவார்கள். குளிர் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆனால் ஒன்டாரியோவில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். தூண்டிலை விட்டு 60 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகவும் கூடாது.

சீசனுக்கு நாலைந்து தடவை, கரையோரமாக, பெர்ச் மீனுக்கு என்றால் 6 இன்ச் கை ஆகர் போதும். ஏற்கெனவே நல்ல ட்ரில் வைத்திருப்பவர்களுக்கு 6 அல்லது 8 இன்ச் ட்ரில் ஆகர். வாரா வாரம் போகிறவர்கள், இடம் மாற்றி மாற்றி நிறைய துளை போடுகிறவர்களுக்கு 8 இன்ச் பேட்டரி ஆகர். பெட்ரோல் ஆகர், கனத்த ஐஸும் கரன்ட் வசதி இல்லாத முகாமும் உள்ளவர்களுக்கு.

எதை வாங்கினாலும் கூடவே ஒரு 'ஸ்பட் பார்' வாங்கிவிடுங்கள். நம்ம ஊர் கடப்பாரையேதான், முனை மட்டும் உளி மாதிரி தட்டையாக இருக்கும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஓங்கிக் குத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால் அப்படியே வந்த வழியில் திரும்பிவிட வேண்டும். இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள 150 அடியைப் பார்த்துக்கொள்வது இதுதான். கழுத்தில் மாட்டும் ஐஸ் குத்தூசி ஜோடியும், லைஃப் ஜாக்கெட்டும் அடுத்த இரண்டு. தவறி விழுந்தால் குத்தூசியை ஐஸில் குத்தி, காலை உதைத்து வெளியே வந்து, எழுந்து நிற்காமல் உருண்டே விலக வேண்டும்.

ஆகர் சொல்லாதது

ஆகர் ஐஸின் கனத்தைச் சொல்லும். காற்றைச் சொல்லாது. 2023 டிசம்பர் 29 அன்று மின்னசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியில், மீன்பிடித்துக்கொண்டிருந்த 100-க்கும் மேற்பட்டோரோடு ஐஸ் தட்டு ஒன்று கரையை விட்டுப் பிரிந்துபோனது. நல்லவேளை, எல்லோரும் மீட்கப்பட்டார்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் இதே போல 100-க்கும் மேற்பட்டோர் சிக்கிக்கொண்டபோது ஒருவர் உயிரிழந்தார். பெரிய ஏரிகளுக்குப் போகும்போது காற்றின் திசையையும் வேகத்தையும் பார்க்காமல் காலை வைக்கக் கூடாது.

குளிர்காலமும் பழைய மாதிரி இல்லை. தென்கொரியாவின் ஹ்வாசியோன் நகரில் ஜனவரிதோறும் உறைந்த ஆற்றில் ஆயிரக்கணக்கான துளை போட்டு நடக்கும் மீன்பிடித் திருவிழாவே, 2020-ல் வெப்பத்தாலும் மழையாலும் தள்ளிப்போனது. மின்னசோட்டாவுக்கு 2023-24 குளிர்காலம்தான் பதிவானதிலேயே வெப்பமான குளிர்காலம். ஐஸ் தாமதமாக உறைகிறது, சீக்கிரம் உருகுகிறது. 'போன வருஷம் இதே தேதியில் காரே ஓட்டினோம்' என்ற அனுபவம் இந்த வருஷம் உதவாது.

3 அடி ஐஸைத் துளைக்கும் மெஷின் பலருக்கு இனி தேவைப்படாமலேயே போகலாம். 3 இன்ச்தான் இருக்கிறது என்பதைச் சட்டென்று காட்டும் லேசான கருவி எல்லோருக்கும் தேவைப்படும். அளந்து பார்த்து 3 இன்ச் என்று வந்தால், ஆகரைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பிவிடுங்கள். மீன் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.